பேஸ் குரலுக்கு வார்த்தை கிடையாது

மஸ்கட்டை விட்டு வந்து இத்தனை காலம் ஆகியும் அந்தப் பாட்டுகள் என்னை விடவில்லை. பெரிய ஹோட்டல் எதிலாவது லிஃப்டில் ஏறினால் போதும், எங்கோ ஒளிந்திருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வழிய ஆரம்பித்துவிடும். ஓர் ஆண் குரல் காதலில் உருகும். பின்னால் நாலைந்து பேர் ‘டூம் டூம், ஷூ வா, ஷூ வா’ என்று வாயாலேயே மேளம் கொட்டுவார்கள். கூட வருகிறவர்கள் ‘பழைய அமெரிக்கப் பாட்டு, நல்லாருக்கே’ என்று தலையாட்டுவார்கள். நான் அடுத்த மாடியிலேயே இறங்கி, மிச்சத்தைப் படியேறிக் கடப்பேன். முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஆணி, போல்ட், பெயின்ட், பைப்பு எல்லாம் என் பொறுப்பு. தங்கியிருந்த அறையில் என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் நாகர்கோவில்காரர், சர்வேயர், எங்களுக்கெல்லாம் மூத்தவர், அதனால் அண்ணாச்சி. மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், அக்கவுன்ட்ஸில் வேலை. நான் திருநெல்வேலிப் பக்கம். மூன்று பேரும் பேசுவது தமிழ்தான், ஆனால் ஒருவர் கோபப்பட்டால் மற்ற இருவருக்கும் பாதிதான் புரியும். மூன்று பேரையும் சேர்த்துக் கட்டியது ஒன்றே ஒன்று: சின்ன வயசிலிருந்தே அவரவர் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவில் பேஸ் பாடியவர்கள். நாலு குரல் பாட்டில் அடியில் கிடக்கும் தடித்த ஆண் குரல்தான் பேஸ்.

கல்யாண லீவில் ஊருக்குப் போய், மாலை வாடுவதற்குள் திரும்பியவன் நான். மனைவி ஊரில் பள்ளிக்கூட டீச்சர். அவளை இங்கே கூட்டி வர வேண்டுமென்றால் கம்பெனி எனக்கு ‘ஃபேமிலி ஸ்டேட்டஸ்’ தர வேண்டும். அந்த அந்தஸ்து இருந்தால்தான் மனைவிக்கு விசா, தனி வீடு எல்லாம். என் கிரேடில் இருப்பவனுக்கு அது சட்டப்படி உரிமை இல்லை. மேனேஜர் மனது வைத்தால் உண்டு. மேனேஜர் இங்கிலாந்துக்காரர். அவர் மனது அவருடைய மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. நான் கொடுத்த விண்ணப்பமும் அங்கேயே கிடந்தது.

போன் பேச பூத்தில் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே போனதும் மீட்டர் ஓடுகிற பயத்தில் ‘நல்லாருக்கியா, நல்லாருக்கேன்’ என்பதைத் தாண்டி நாக்கு நகராது. அதனால் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். காசெட்டில் பேசிப் பதிவு செய்து, லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவேன். அவர் திரும்பும்போது அவளுடைய காசெட் வரும். என் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். என் முதல் காசெட்டுக்கு அவள் அனுப்பிய பதில் இப்படித்தான் தொடங்கியது: “நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு சொல்லியே ஒரு பக்கத்த ஓட்டிட்டீங்க. ரேடியோவுல வானிலை சொல்லுதவன் உங்களவிட நெறயப் பேசுதான்.”

அவள் சொன்னது உண்மை. எனக்குப் பேச வராது. டேப் ரெக்கார்டரில் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், பக்கத்துக் கட்டிலில் அண்ணாச்சி வேட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோல் நடிக்கும்போது, புதுப் பெண்டாட்டியிடம் என்னத்தைப் பேசுவது?

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரூவிக் கோயில் வளாகத்தில் எல்லா மொழிக்காரர்களும் சேர்ந்து கேரல் பாடினோம். முடிந்ததும் ஒரு வெள்ளைக்கார அம்மா நேராக எங்கள் மூவரிடமும் வந்தார். உயரம், வாசனை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. மேனேஜரின் மனைவி. எல்லோரும் அவரை மேடம் என்றுதான் சொல்வோம்.

“இவ்வளவு நல்ல பேஸ் குரல்களை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டார். ஸ்டோரிலிருந்து சரக்கைத் திருடி வைத்தவனைக் கேட்பதுபோல் இருந்தது.

மேடம் கம்பெனி கிளப்பில் ஒரு பாடகர் குழு நடத்திக்கொண்டிருந்தார். பெண்கள் ஏராளம். ஆண் குரல்தான் பஞ்சம். கோடை வருவதற்கு முன் ஒரு பெரிய ஹோட்டலில் கச்சேரி என்று முடிவாகியிருந்தது. அமெரிக்காவின் பழைய காதல் பாட்டுகளை நாலு குரலுக்குப் பிரித்து அவரே எழுதி வைத்திருந்தார். “தெருமுனையில் நின்று ஏழைப் பையன்கள் பாடிய பாட்டுகள்! வாத்தியமே கிடையாது! எல்லாம் வாய்தான்!” என்று கைகளை விரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “உன் விண்ணப்பம் ஒன்று என் கணவரிடம் இருக்கிறதல்லவா? கச்சேரி முடியட்டும், நானே அவரிடம் சொல்கிறேன்” என்றார்.

அதற்கப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று பேரும் போனோம். எனக்காகத்தான் மற்ற இருவரும் வந்தார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கிரேடு ஆட்களுக்கு அந்தக் கிளப்பில் அனுமதி இல்லை. நீச்சல் குளத்தின் பம்பு கெட்டுப்போனால் ரிப்பேர் செய்யப் போகலாம், அவ்வளவுதான். ஒத்திகைக்குப் போன முதல் நாளே கேட்டில் நின்ற பாகிஸ்தான் பட்டாணிய வாட்ச்மேன் தடுத்தான். “க்யா காம் ஹை, பாய்?” என்று, இங்கே என்ன வேலை என்று கேட்டான். பாட வந்திருக்கிறோம் என்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தான். உள்ளே போன் செய்து கேட்டுவிட்டு, சமையலறைப் பக்கத்துக் கதவைக் காட்டினான். கடைசிவரை அந்தக் கதவுதான். ஒவ்வொரு முறையும் வெங்காய மூட்டைகளைத் தாண்டித்தான் காதல் பாட்டுக்குப் போனோம். அந்தத் தெருமுனைப் பையன்களே நேரில் வந்திருந்தாலும் அவர்களுக்கும் அதே கதவைத்தான் காட்டியிருப்பான்.

மேடம் எங்களை ‘பாய்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார். அண்ணாச்சிக்கு அப்போதே ஊரில் மகள் காலேஜ் முடித்திருந்தாள்.

முதல் ஒத்திகையில் தாள்களைக் கொடுத்தார். பெண்களின் தாளில் கொஞ்சம் வார்த்தைகள் இருந்தன. தனிக் குரல் பாடும் டெனருக்கு, அதாவது உயர்ந்த ஆண் குரலுக்கு, முழுப் பாட்டும் இருந்தது. அவர் ஒரு பேங்க் அதிகாரி, இங்கிலாந்துக்காரர், ஒத்திகைக்கு வரும்போதே கையில் கிளாஸோடு வருவார். எங்கள் தாளில் முதல் பக்கம் ‘டூம்’. இரண்டாம் பக்கம் ‘டூம் ட டூம்’. மூன்றாம் பக்கம் ‘பாம் பாம் பாம்’. கடைசிப் பக்கம் மறுபடியும் ‘டூம்’. நான் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி என் காதோரம் குனிந்தார். “எடே மக்கா, இது பாட்டா, தோட்டத்துப் பம்புசெட்டா?”

“வார்த்தைகள் எங்கே மேடம்?” என்று நான் கேட்டேன்.

“பேஸ் குரலுக்கு வார்த்தை கிடையாது, டார்லிங்” என்றார். “நீங்கள்தான் வாத்தியம்.”

டார்லிங் என்றது அன்பு இல்லை. நாய்க்குட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

எங்கள் ஊர்க் கோயில்களில் ஐந்து கோடு போட்ட தாளைப் பார்த்துப் பாடுகிற பழக்கம் இல்லை. டோ, ரே, மீ என்று எழுத்துகளால் எழுதிப் படிப்போம். அதனால் மூவரும் பென்சிலால் எங்கள் பாகத்துக்கு அடியில் எழுத்துகளைக் குறித்துக்கொண்டோம். முதல் பாட்டு: டோ, லா, ஃபா, சோ. மறுபடியும் டோ, லா, ஃபா, சோ. இரண்டாவது பாட்டு: டோ, லா, ஃபா, சோ. மூன்றாவது பாட்டைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்காரர் பென்சிலையே கீழே வைத்துவிட்டார். “ஐசே, எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுத்தானே? உவ எங்களை என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா?” என்றார்.

மேடம் வந்து என் தாளை எட்டிப் பார்த்தார். பென்சில் எழுத்துகளைக் கண்டதும், “ஐயோ, எவ்வளவு அழகு! நான் நர்சரிப் பிள்ளையாக இருந்தபோது இதைப் பார்த்திருக்கிறேன்!” என்று மற்றவர்களுக்கும் தூக்கிக் காட்டினார். பெண்கள் சிரித்தார்கள். பேங்க் அதிகாரி கிளாஸை உயர்த்தினார். என் காது சுட்டது. வாயைத் திறந்திருப்பேன். இழுப்பறைக்குள் கிடக்கும் விண்ணப்பம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

பாடுவதோடு விடவில்லை. விரலைச் சொடுக்க வேண்டும். அதுவும் தாளத்தின் இரண்டாவது தட்டிலும் நாலாவது தட்டிலும்தான் சொடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து முதல் தட்டில் அடித்தே பழகிய கை எங்களுக்கு. வாய் ஒரு பக்கம் போக, கை ஒரு பக்கம் போகும். அண்ணாச்சியின் விரலில் சத்தமே வராது. சர்வே சங்கிலியும் கம்பியும் இழுத்துக் காய்த்துப்போன விரல். “சொடுக்கு, பாய்ஸ், சொடுக்கு! இரண்டு, நாலு!” என்று மேடம் அவர் மூக்குக்கு நேராகச் சொடுக்கிக் காட்டுவார். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். வெளியே வந்ததும் வெங்காய மூட்டையை ஓங்கி ஒரு உதை விடுவார்.

பாட்டின் அர்த்தத்தையும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பேங்க் அதிகாரி மூக்கால் அமெரிக்க இங்கிலீஷில் இழுப்பார். நாங்கள் அடியில் டூம் டூம் என்று இடித்துக்கொண்டிருப்போம். அந்தச் சத்தத்தில் அவர் காதலிக்கிறாரா, கடன் வசூலிக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அவருடைய மனைவி முதல் வரிசையில் சோப்ரானோ, பெண்களின் உச்சக் குரல். பாடும்போது இருவரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். நான் பின்வரிசையில் நின்று அவர்கள் காதலுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

இரண்டு மூன்று ஒத்திகைக்கு ஒரு தடவை, எல்லோரும் கலையும்போது மேடம் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே, “மறக்கவில்லை, மறக்கவில்லை, கச்சேரி முடியட்டும்” என்பார். அடுத்த ஒத்திகைக்கு நான் வராமல் இருந்துவிடக் கூடாதே என்பதுதான் அதன் அர்த்தம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து ஒரு காசெட் வந்தது. “பாட்டு கிளாஸுக்குப் போறேன்னு சொன்னீங்கள்லா. பேசத்தான் வரல. அந்தப் பாட்டையாவது பாடி அனுப்புங்க, கேப்போம்” என்று சொல்லியிருந்தாள்.

கேட்டால் கொடுக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை அறையில் யாரும் இல்லாதபோது டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, கச்சேரியின் கடைசிப் பாட்டை முழுதாகப் பாடினேன். அதாவது என் பாகத்தை. டூம், டூம், டூம் ட டூம். இடையில் டெனர் தனியாகப் பாடும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் தட்டு எண்ணினேன், மறுபடியும் டூம். முடிவில் ஒரு வால் உண்டு. எல்லாக் குரலும் நின்ற பிறகு பேஸ் மட்டும் ஃபாவிலிருந்து டோவுக்கு இறங்க வேண்டும். டூ...ம், டூ...ம். ஒத்திகையில் அது நடைவேகத்தில் வரும். நான் அறையில் தனியாக இருந்ததால் மெதுவாக, இழுத்து இறக்கினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் காசெட்டை மூடி அனுப்பிவிட்டேன்.

பதில் உடனே வந்தது. ஆள் போய்த் திரும்பிய வேகத்தில்.

“பாட்டு கேட்டேன்” என்றாள். “மாமியார் வந்து, கிணத்து மோட்டார் ஏன் ஓடுதுன்னு கேட்டாங்க. ஏங்க, மெய்யாலுமே கேக்கேன், இது என்ன? ராகம் எங்க? வார்த்த எங்க? கட்டின பொண்டாட்டிக்கு ஒருத்தன் பாட்டு அனுப்புதான்னா அதுல ஒரு வார்த்தையாவது இருக்காதா? நடுவுல அஞ்சு நிமிசம் பேச்சு மூச்சு இல்ல. டேப்பு கெட்டுப்போச்சோன்னு தட்டித் தட்டிப் பாத்தேன்.” பின்னால் கோழி கத்துவது கேட்டது. “விசா எப்பன்னு கேட்டா அதுக்கும் டூம் டூம்தான் போல” என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அதைக் கேட்டு அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

கச்சேரி நாள் வந்தது. ஹோட்டல் ஹால் நிறைய கூட்டம். கம்பெனியின் பெரிய ஆட்கள், அவர்கள் மனைவிமார், முன்வரிசையில் மேனேஜர், அவர் பக்கத்தில் வெள்ளை உடையில் எங்கள் கஃபீல். கம்பெனியே அந்த ஓமானியர் பெயரில்தான் இருந்தது. எங்கள் மூவருக்கும் ரோஸ் கலரில் போ டை. தெருமுனைப் பையன்கள் அப்படித்தான் கட்டுவார்களாம். அண்ணாச்சி கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, “சாக்லேட் டப்பா மாதிரி இருக்கேன்டே. இத எம் மவ பாத்தா ஊர விட்டே ஓடிருவா” என்றார். பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், விளக்கு எட்டாத இடத்தில் நிறுத்தினார்கள்.

குறை சொல்ல முடியாது, கச்சேரி நன்றாகவே போயிற்று. சொடுக்குகூட ஓரளவு சேர்ந்து விழுந்தது. கடைசிப் பாட்டு வந்தது. பேங்க் அதிகாரி முன்னால் வந்து, மண்டியிட்டு, கண்ணை மூடி உருகினார். அவர் மனைவி உருகினார். மேடத்துக்கே கண் கலங்கிவிட்டது. ஒத்திகையில் ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தார். முடிவு நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார். மற்ற எல்லாக் குரலும் அடங்கின. ஹாலில் மூச்சுவிடும் சத்தம் இல்லை. மேடம் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, எங்கள் பக்கம் திரும்பினார்.

எங்கள் கோயில்களில் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் இதுதான் நடக்கும். பாட்டு ஓயும், ஒரு நொடி அமைதி, பாடகர் குழுத் தலைவர் இரண்டு கைகளையும் உயர்த்துவார். பேஸ் ஃபாவிலிருந்து டோவுக்கு இறங்கும். அந்த இரண்டு சுரத்துக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு. விவரம் தெரிந்த நாளிலிருந்து, ஞாயிறு தவறாமல், காய்ச்சலாக இருந்தாலும் பாடிய வார்த்தை.

மூன்று பேரும் ஒரே மூச்சில், நெஞ்சு நிறைய, “ஆ...மென்” என்று பாடினோம்.

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. கண்ணால்கூட ஜாடை இல்லை. வாய் தானாகத் திறந்து தானாக மூடியது. அதுவரை அந்தக் கச்சேரியில் எங்கள் குரல் அவ்வளவு அழகாகச் சேரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் ஹாலே சிரித்தது. காதலியின் காலடியில் மண்டியிட்டுக் கிடந்த பேங்க் அதிகாரி, சாவு வீட்டு அடக்க ஆராதனையில் மாட்டிக்கொண்டவர்போல் முழித்தார். கஃபீல் மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாகத் தலையை ஆட்டிக்கொண்டு கைதட்டினார்.

மேடம் எங்களை ஹோட்டலின் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். முகம் எங்கள் போ டையைவிடச் சிவந்திருந்தது.

“வேண்டுமென்றே செய்தீர்கள்” என்றார்.

“இல்லை மேடம். பழக்கம். நீங்கள் மெதுவாகக் கையைத் தூக்கியதும்...”

“உங்கள் ஆட்களை உள்ளே விட்டதே என் தப்பு. எத்தனை மாத உழைப்பு! ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒரு முஸ்லிம் ஸ்பான்சர் முன்னால் மதப் பாட்டு! என் கணவர் நிலைமை என்ன ஆகும்?”

“அவர்தான் கைதட்டினார், மேடம்.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னை மட்டும் பார்த்தார். “உன் மனைவி விஷயம்... இந்த வருஷம் அது நடக்காது. என் கணவரைத் தொந்தரவு செய்யாதே.”

இத்தனை மாதம் விழுங்கியதெல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது. வெங்காய மூட்டை, பாய்ஸ், டார்லிங், சொடுக்கு, எல்லாம். என் இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக வராது. அன்றைக்கு வந்தது.

“மேடம், நீங்கள் தாள் தாளாகக் கொடுத்தீர்கள். அதில் எங்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. வாய் இருக்கிறது, ஒரே ஒரு வார்த்தை தானாக வந்துவிட்டது. அதற்கு என் பெண்டாட்டியையா பிடித்து வைத்துக்கொள்வீர்கள்?”

மேடம் திரும்பிப் போய்விட்டார். அண்ணாச்சி போ டையைக் கழற்றி, அங்கிருந்த பூந்தொட்டியில் ஒரு செடிக்குக் கட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் ஆபீஸில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எதிரே வந்தவனெல்லாம் என்னைப் பார்த்துக் கைகூப்பி ஆமென் சொன்னான். மேனேஜரின் செக்ரட்டரி என் விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, “கலாஸ்” என்றான், முடிந்தது என்பதற்கு அரபியில் சொல்வது. மேலே எதுவும் எழுதப்படவில்லை. அதை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டேன். ஊருக்குக் காசெட்டில் சொல்ல வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்துவேன், நாடா ஓடும், நிறுத்திவிடுவேன். ‘விசா இல்லை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? எனக்கு அதுகூட வரவில்லை. அவள் மேலேயும் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. கேட்டுக்கொண்டே இருக்கிறாளே என்று கோபம்.

நான் ஒன்றும் அனுப்புவதற்கு முன் அவளுடைய காசெட் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து வரும்போது கொண்டுவந்தார். அவர் ஊரில் ரொம்ப நாள் தங்கி, சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றிவிட்டு வந்தவர். காசெட் கச்சேரிக்கு முன்பே அவர் கைக்குப் போய்விட்டது. கச்சேரியில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டே போட்டேன்.

“நீங்க அனுப்புன மோட்டார் சத்தத்தத் தூக்கிப் போட மனசு வரல” என்று ஆரம்பித்தாள். “கோயில்லருந்து ஒரு டேப் ரெக்கார்டர இரவல் வாங்கிட்டு வந்திருக்கேன். ஒண்ணுல உங்க சத்தம் ஓடும். இன்னொண்ணுல பதிவாகும். வார்த்த இல்லாம ஒரு பாட்டு என் வீட்டுக்குள்ள கெடக்கக் கூடாது. நானே போட்டுட்டேன். கேளுங்க.”

பிறகு என் குரல் வந்தது. தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல். டூம், டூம், டூம் ட டூம். அதற்கு மேலே அவள் பாடினாள். அவள் ஊர்க் கோயிலில் சோப்ரானோ. மெட்டு அவளே போட்டது. அந்த நாலு சுரத்தின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது.

*போனவரே, போனவரே, போன எடம் நல்லாருக்கா?*
*பேச வாயி இல்லையின்னா டூம் டூம்னா போதுமா?*
*வாற தேதி கேட்டதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?*
*வந்தா வாங்க, வராட்டிப் போங்க, வாசக்கதவு தொறந்துருக்கு.*

டெனர் பாடும் இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு தட்டு எண்ணினேன் என்றேனே, அந்த இடத்தையும் அவள் விடவில்லை. என் அம்மா, என் தம்பி, ஒழுகுகிற ஓடு, என்னுடைய கம்பெனி, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டிப் பாடினாள். யாழ்ப்பாணத்துக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அண்ணாச்சி கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அவர் மற்றக் கையின் விரல்கள் தன்னையறியாமல் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தன, முதல் தட்டில்.

பாட்டு முடிவுக்கு வந்தது. அவள் கடைசி வரியைப் பாடி நிறுத்தினாள். என் குரல் மட்டும், தனியறையில் இழுத்துப் பாடிய மாதிரியே, ஃபாவிலிருந்து டோவுக்கு மெல்ல இறங்கியது.

அதோடு சேர்ந்து அவள் குரலும் இறங்கியது. “ஆ...மென்.”

பிறகு டேப்பில் அவள் தனக்குள் சிரிப்பது கேட்டது. “ஐய, இங்க போய் ஆமென் சொல்லிட்டேன் பாருங்க. வாயில தானா வந்துட்டு. அழிச்சிட்டுத் திரும்பப் பாட நேரமில்ல, ஆள் வெளியில நிக்காரு. அப்படியே அனுப்புதேன்.”

எனக்கு அழுகை வந்தது. அறையில் இரண்டு ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தும் அழுதேன். அவர்கள் இருவரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சிதான், “எடே, அவள இங்க கூட்டிட்டு வந்து என்னத்துக்கு? அந்த வெங்காய மூட்ட வழியாட்டா நடக்க விடப்போற?” என்றார்.

அடுத்த வேலை நாள் காலையில் மேனேஜர் அறைக்குப் போய், விசாவைக் கேன்சல் செய்து என்னை ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னேன். அவர் மேஜையின் மேல் கச்சேரி போட்டோ ஒன்று புதிதாகச் சட்டம் போட்டு வைத்திருந்தது. அதில் நாங்கள் மூவரும் தூணுக்குப் பின்னால் பாதிதான் தெரிந்தோம். அவர் காரணம் கேட்டார்.

“ஃபேமிலி ஸ்டேட்டஸ்” என்றேன்.

“அது உனக்குக் கிடைக்கவில்லையே” என்றார்.

“கிடைத்துவிட்டது சார்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கும் எண்ணம் எனக்கும் இல்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தேன்.